இரட்டைச் சுழி

ஓஸ்ட்ராவாவில் ஜனவரி.
டிராம் படியில் வழுக்கி
வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ராடிம்
பதினோரு நாள் தாடியோடு
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.
நாளை மகளின் திருமணப் பதிவு.
இந்த முகத்தோடு வந்தால்
படத்தில் நிற்க விடமாட்டேன் என்றுவிட்டாளாம்.

சாதாரண ரேசர் பட்டால் அவனுக்குக்
கழுத்தெல்லாம் கொப்புளம்.
தாக்மாருக்குச் சவரக்கத்தியைத் திறந்தாலே
கை நடுங்குகிறது.
அதனால்தான் எனக்கு ஃபோன்.
"உங்களுக்குப் பழக்கம் என்று சொன்னார்."

பழக்கம்தான்.
தோள் எலும்பு விலகிக் கிடந்த ஒரு குளிர்காலம் முழுக்க
நான்தான் மழித்துவிட்டேன்.
அப்போது நான் அவன் மனைவி.

வாரில் கத்தியைத் தீட்டினேன், முப்பது முறை.
தாக்மார் வெந்நீர்க் கிண்ணத்தை ஏந்தி நின்றாள்,
ஞானஸ்நானத்துக்கு வந்தவள் மாதிரி.

கன்னம் ஒன்றுமில்லை.
கன்னத்தை யாரும் மழிப்பார்கள்.
பனி வழிக்கும் வண்டி விடியலில்
எங்கள் தெருவில் இறங்குவதுபோல
கத்தி தானாக இறங்கிப் போகும்.
முகம் கன்னத்துக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

வாயோரம் வந்ததும் சொன்னேன்: சிரி.
எனக்குச் சிரிப்பு வேண்டாம்,
தோல் இழுபட்டால் போதும்.
முயன்றான். பல் தெரிந்தது.
விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்திட்ட அன்றும்
உதட்டை இப்படித்தான் இழுத்து வைத்திருந்தான்.
நன்றாகவே மழிந்தது.

மூக்கு நுனியைத் தூக்கிப் பிடித்தேன்.
இருபத்திரண்டு வருடச் சண்டையில்
ஒருநாள்கூட இந்த மூக்கை இப்படிப் பிடித்ததில்லை.
வாய்ப்பை வீணடித்திருக்கிறேன்.

நாக்கை உள்ளிருந்து கீழுதட்டுக்கு அடியில் அழுத்து.
அந்த நேரம் பார்த்து,
"மிலேனா, அந்த வீட்டு விஷயத்தில் நான்…"
பேசாதே, ரத்தம் வரும்.
நாக்கை மடித்துக்கொண்டான்.
மோவாய்க் குழியில் முடி படுத்துக் கிடக்கிறது.
கத்தியின் முனை மட்டும்,
சீரகம் சீரகமாக.

அடுத்தது சங்கு.
விழுங்கு. விழுங்கியபடியே நில்.
மேடு மேலேறி நின்றது.
மேட்டின் மேல் கத்தியை ஏற்றக் கூடாது;
தோலைப் பக்கவாட்டில் இழுத்து
எலும்பு இல்லாத இடத்துக்குக் கொண்டுவந்து
சமதரையாக்கி மழிக்க வேண்டும்.
சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கினானோ என்னவோ.
தாக்மார் மூச்சை நிறுத்தியிருந்தாள்.
நியாயம்தான்.
இந்தச் சங்கை நெரிக்கலாமா என்று
உருளைக்கிழங்கு உரித்தபடி
நான் யோசித்த மாலைகள் உண்டு.
இன்று யோசித்ததெல்லாம்
கத்தியின் சாய்வு கூடக் கூடாது என்பதை மட்டும்.

முடிந்தது என்று துண்டை எடுத்தேன்.

முடியவில்லை.
இடது தாடைக்குக் கீழே, காதிலிருந்து நான்கு விரல் தள்ளி
ஒரு இரட்டைச் சுழி இருக்கிறது.
ஒன்று வலமாக, ஒன்று இடமாக.
எந்தப் பக்கம் இழுத்தாலும் பாதி எதிர்மயிர்.
அவன் கண்ணாடிக்கு அது தெரியாது,
அவனுக்கும் தெரியாது.
என் தோளில் உரசி உரசி
எனக்குத் தெரியும்.
வேண்டுமென்றேதான் விட்டேன்.

"இங்கே கொஞ்சம் இருக்கிறது" என்றாள் தாக்மார்.

அவள் விரல் தடவவில்லை,
வெளிச்சம் தேடவில்லை,
நேரே அந்த இடத்தில் போய் நின்றது.

ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
ராடிம் கண்ணை மூடியிருந்தான்,
நாக்கு இன்னும் உதட்டுக்கு அடியில்,
நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன்.

மறுபடி நுரை போட்டேன்.
தோலை நீங்கள் பிடியுங்கள் என்றேன்.
பிடித்தாள். இறுக்கமாக,
நான் பிடிப்பதைவிடக் கொஞ்சம் மேலே, சரியாக.
மேலிருந்து ஒருமுறை, குறுக்கே ஒருமுறை.
பாதியில் கத்தியை நீட்டினேன்,
வாங்கிக்கொண்டாள்.

கடுகளவு ரத்தம்.

"யார் அது?" என்றான்
கண்ணைத் திறக்காமல்.

நாங்கள் சொல்லவில்லை.
படிகாரக் கல்லை நனைத்தபடி
குழாயடியில் நின்றோம்.
வெளியே டிராம்
வளைவில் கீச்சிட்டுத் திரும்பியது.